திட்டமும் திருத்தமும்: பள்ளிக் கணினித் திட்டங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

மலேசியப் பள்ளிகளில் கணினிவழிக் கல்விக்கெனப் பெருந்திட்டங்கள் தீட்டப்பெறத் தொடங்கி முப்பது ஆண்டுகள் நிறையப்போகின்றன. இக்காலத்துள் திட்டங்கள் பல வந்தன, பல சென்றன. வரும்போது விழாவோடு வந்தவை போகும்போது ஒரு சுற்றறிக்கையோடு போயின. பெட்டி பெட்டியாய் வந்திறங்கிய கருவிகள் சில ஆண்டுகளில் பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கிடப்பதைக் காணாத ஆசிரியர் அரியர். பணம் போதவில்லை என்பார் சிலர். ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை என்பார் சிலர். கருவி தரமற்றது என்பார் வேறு சிலர். இம்மூன்றும் ஓரளவு உண்மையே. ஆயினும் இவை நோயின் குறிகளேயன்றி நோய் ஆகா.

நோய் திட்டமிடும் முறையில் உள்ளது. உறுதியாய் முடிவு செய்ய வேண்டியவற்றை நெகிழவிட்டு, நெகிழவிட வேண்டியவற்றை முன்னரே இறுகக் கட்டிவிடுவதே அந்நோய். இதற்கு மருந்தாக இன்று 'அஜைல்' என்னும் முறை எங்கும் பேசப்படுகிறது. அம்மருந்து நல்ல மருந்தே. ஆனால் தனியே உண்டால் அதுவும் பயன் தராது. நெடுநோக்கு என்னும் அனுபானத்தோடு சேர்ந்தே அது வேலை செய்யும். இதனை உலக நிகழ்ச்சிகளாலும் தமிழ்ப்பள்ளிகளின் நிலையாலும் ஆராய்ந்து காண்பது தமிழாசிரியர்க்குக் கடனாகும். ஏனெனில் அடுத்த திட்டம் வரும்போதும் அதனைச் சுமக்கப்போகிறவர் அவரே.

நடந்தது என்ன?

1997-ஆம் ஆண்டில் விவேகப் பள்ளி எனப்படும் 'செக்கோலா பெஸ்தாரி' திட்டத்தின் கருத்துரு வெளியாயிற்று. பல்லூடகப் பெருவழியின் ஏழு முதன்மைத் திட்டங்களுள் அஃது ஒன்று. 1999 முதல் 2002 வரை, தொண்ணூற்றுக்குச் சற்றுக் குறைந்த பள்ளிகளில் அது வெள்ளோட்டம் விடப்பட்டது. சிலவற்றில் செய்து பார்த்துப் பின்னர்ப் பலவற்றுக்குக் கொண்டு செல்லலாம் என்னும் எண்ணம் அதில் இருந்தது, அது பாராட்டத்தக்கதே. ஆயின் 2010-ஆம் ஆண்டுக்குள் நாட்டிலுள்ள பள்ளிகள் அனைத்தும் விவேகப் பள்ளிகளாகிவிட வேண்டும் என்னும் இலக்கு, வெள்ளோட்டம் என்ன கற்பித்தது என்பதை அறிவதற்கு முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. மேலும், வெள்ளோட்டத்திற்கென உருவான மென்பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் என்னும் நான்கு பாடங்களுக்கே உரியவை. அந்நான்கனுள் தமிழ் இல்லை.

அடுத்து வந்தது '1பெஸ்தாரிநெட்'. 2011 டிசம்பர் இறுதியில் தொடங்கிய அத்திட்டம் பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது. மூன்று கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. மொத்த மதிப்பு 407 கோடியே 70 இலட்சம் வெள்ளி. நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கும் நான்காம் தலைமுறைக் கம்பியில்லா இணையம் தருவதும், 'ஃபிராக்' என்னும் மெய்நிகர் கற்றல் தளத்தைத் தருவதும் அதன் நோக்கங்கள். இங்கிலாந்தில் உருவான அத்தளத்தை இங்குக் கொண்டுவந்த ஒப்பந்ததாரர் ஒய்.டி.எல். கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தார். 2014 ஜூன் வரை நடைபெற்ற முதற்கட்டத்திற்கு மட்டும் 66 கோடியே 30 இலட்சம் வெள்ளி ஒதுக்கப்பெற்றது. 2013-ஆம் ஆண்டுக்குரிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை இத்திட்டத்தை ஆராய்ந்து, மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் அத்தளத்தைப் பயன்படுத்திய அளவு 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரையே எனக் காட்டிற்று.

இவ்வெண்ணைக் கண்டு பலரும் பணத்தைப் பற்றியே பேசினர். ஆசிரியர் கண்ணுக்கு அது வேறொன்றையும் காட்ட வேண்டும். ஒரு வகுப்பில் நூற்றுக்கு ஐவர்கூட விடை எழுதவில்லையெனின், நல்லாசிரியர் மாணவரைக் கடிவதற்கு முன் வினாத்தாளை எடுத்துப் பார்ப்பார். அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு: இவ்வெண் எப்போது தெரிய வந்தது? நாடெங்கும் கருவிகள் நிறுவப்பட்ட பின்னர்த் தெரிய வந்தது. இருபது பள்ளிகளில் ஒரு பருவம் நடத்திப் பார்த்திருந்தால், இதே எண் சில இலட்சம் வெள்ளிச் செலவில் தெரிந்திருக்கும். திட்டத்தில் கட்டங்கள் இருந்தனவே எனலாம். இருந்தன, ஆனால் அவை ஆண்டுகளைப் பகுத்தனவேயன்றி அறிவைப் பகுக்கவில்லை. முதற்கட்டமே நாடு முழுவதையும் தழுவிற்று. கட்டம் வேறு, படி வேறு. ஒரு படியில் காலூன்றி நின்ற பின்னரே அடுத்த படிக்குக் கால் எடுப்பர். கட்டத்தில் அத்தகைய நிறுத்தம் இல்லை; நாட்காட்டி நகர்ந்தால் கட்டமும் நகரும்.

2019 ஜூன் 30-இல் அத்திட்டம் முடிவுற்றது. மறுநாள் முதல் பள்ளிகள் 'கூகுள் கிளாஸ்ரூம்' தளத்திற்கு மாறின. ஒரு தளத்தில் எழுதிய பாடம் மற்றொரு தளத்திற்குத் தானே நடந்து செல்லாது. ஆர்வத்தோடு பழைய தளத்தில் பாடம் எழுதிய ஆசிரியரே மீண்டும் உழைக்க வேண்டியவரானார், எழுதாதவருக்கு இழப்பில்லை. அடுத்த முறை ஆர்வம் காட்டுமுன் அவர் இருமுறை எண்ணுவார் அன்றோ? திட்டங்கள் வீழும்போது பணத்தோடு ஆசிரியரின் நம்பிக்கையும் வீழ்கிறது. பணத்தை அடுத்த ஆண்டு வரவுசெலவில் ஒதுக்கிவிடலாம். நம்பிக்கையை அவ்வாறு ஒதுக்க இயலாது.

பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவரிடம் எந்தக் கருவியும் இல்லை என்பது வெளிப்பட்டது. ஜூன் திங்களில் 'டெலிமா' தளம் தொடங்கப்பெற்றது. ஆனால் பல வீடுகளில் பாடம் போய்ச் சேர்ந்தது தந்தையின் கைப்பேசியில் இருந்த புலனத்தின் வழியாகவே. அப்பன் வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னரே பிள்ளைக்குப் பள்ளி திறந்தது. கருவி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எந்நேரத்தில் கிடைக்கிறது என்னும் எளிய வினாக்களை இருபது ஆண்டுத் திட்டங்கள் முறையாகக் கேட்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அருவியும் படிக்கட்டும்

மென்பொருள் உருவாக்கத்தில் நெடுநாள் கோலோச்சியது 'அருவி முறை'. தேவைகளை முழுவதும் எழுதி முடித்தல், பின் வரைந்து முடித்தல், பின் கட்டி முடித்தல், பின் சோதித்தல், இறுதியில் பயன்படுத்துவோரிடம் ஒப்படைத்தல் என நீர் கீழ்நோக்கி விழுவது போல் அது செல்லும், மேலே திரும்பாது. இம்முறைக்கு மூலமாக 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையைக் காட்டுவர். அக்கட்டுரையில் அவ்வரைபடம் உள்ளது உண்மை. ஆனால் அவ்வாறே நேர்கோட்டில் சென்றால் இடர் மிகும் என அவர் அதே கட்டுரையில் எச்சரிக்கிறார். புதிய பணியாயின் முதலில் ஒரு முன்மாதிரி செய்து பார்க்க வேண்டும் என்கிறார். 'அருவி' என்னும் பெயரும் அவர் இட்டதன்று. படத்தைப் பார்த்தவர்கள் பாடத்தைப் படிக்கவில்லை. மூலத்தை விட்டு மேற்கோளை மட்டும் பற்றுவதன் கேடு தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று.

பாலம் கட்டுவோர்க்கு அருவி முறை ஒருவாறு பொருந்தும். ஆற்றின் அகலம் கட்டும்போது மாறுவதில்லை. பள்ளியோ அவ்வாறன்று. ஆசிரியர் மாறுவர், கலைத்திட்டம் மாறும், கருவி மாறும், தமக்கு வேண்டியது இன்னது என்பதே பயன்படுத்திப் பார்த்த பின்னர்தான் பலருக்குத் தெரியும்.

இக்குறையை உணர்ந்த பதினேழு மென்பொருள் அறிஞர்கள் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் ஸ்னோபேர்டு என்னும் இடத்தில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். நடைமுறைகளினும் மனிதரின் கலந்துரையாடல் பெரிது; தடித்த ஆவணங்களினும் இயங்குகின்ற மென்பொருள் பெரிது; ஒப்பந்தப் பேரத்தினும் பயன்படுத்துவோரின் ஒத்துழைப்புப் பெரிது; திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதினும் மாற்றத்திற்கு இசைவது பெரிது என்பவை அதன் கருத்துகள். இவற்றுள் முன்னவை வேண்டா என்று அவர்கள் கூறவில்லை. பின்னவை மேலானவை என்றே கூறினர். இவ்வேறுபாட்டை மறந்து, ஆவணமும் திட்டமும் வேண்டியதில்லை என்று கொள்வோர் உளர். அவர்கள் தம் சோம்பலுக்கு அஜைல் என்று பெயரிட்டவர் ஆவர்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 'அஜைல்' என்பதைச் 'சுறுசுறுப்பு முறை' எனவும் 'விரைவு முறை' எனவும் மொழிபெயர்ப்பதுண்டு. இவை பொருளைத் திரிக்கின்றன. விரைந்து ஓடுவது இதன் உயிர் அன்று. வழி தவறியதை விரைவில் அறிந்து திரும்புவதே உயிர். சிறிது செய்தல், பயன்படுத்துவோரிடம் காட்டுதல், கேட்டல், திருத்தல், மீண்டும் சிறிது செய்தல் என்பதே அதன் சுழற்சி. ஆகலின் 'செய்து திருத்தும் முறை' என்பதே அதற்கு ஏற்ற தமிழ்.

இம்முறை தமிழாசிரியர்க்கு அயலானது அன்று. ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஆண்டுப் பாடத்திட்டம் வகுக்கிறார். நாள்தோறும் நாள் பாடத்திட்டம் எழுதுகிறார். பாடம் முடிந்ததும் அதன் அடியில் 'சிந்தனை மீட்சி' எழுதுகிறார்: இத்தனை மாணவர் நோக்கத்தை அடைந்தனர், இத்தனை பேர் அடையவில்லை, அவர்களுக்கு நாளை இன்னது செய்ய வேண்டும். ஆண்டுப் பாடத்திட்டம் நெடுநோக்கு. சிந்தனை மீட்சி திருத்தம். முப்பது மாணவர்க்கு நடத்தும் ஒரு மணி நேரப் பாடத்திற்கே சிந்தனை மீட்சி வேண்டும் என்று வற்புறுத்தும் கல்வித் துறை, பதினாயிரம் பள்ளிகளுக்கு நடத்தும் பதினைந்தாண்டுத் திட்டத்திற்குக் கணக்காய்வாளர் வந்து எழுதும்வரை காத்திருந்தது. முரண்பாடு இதுவே.

செய்து திருத்தும் முறை பேரமைப்புகளுக்கு ஒவ்வாது என்பார்க்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையாகிய எஃப்.பி.ஐ.யின் வரலாறு விடை தரும். வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்ற அத்துறை முதலில் தொடங்கிய மென்பொருள் திட்டம், ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின் 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் 'சென்டினல்' என்னும் புதுத்திட்டம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவும் காலத்தில் முடியவில்லை. 2010-இல் அத்துறை பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சிறிய குழுவொன்றை அமைத்து, இரண்டு வாரத்திற்கு ஒரு படி என்னும் கணக்கில் செய்து காட்டித் திருத்தலாயிற்று. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டிற்கு வந்தது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று: காகிதக் கோப்பை ஒழிக்க வேண்டும் என்னும் குறிக்கோள் முதலிலிருந்து இறுதிவரை மாறவில்லை. மாறியது செல்லும் முறையே.

நெடுநோக்கு இல்லாத் திருத்தம்

குறிக்கோளே இல்லாமல் நாள்தோறும் திருத்திக்கொண்டிருப்பது வட்டமாய் நடப்பதாகும். பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். பின் இருபது ஆண்டுக்கு மேல் அம்மரம் பயன் தரும். எந்த இனக் கன்று, எந்த நிலம், எத்தனை அடி இடைவெளி என்பவை நடும் நாளிலேயே முடிவாக வேண்டியவை. மரம் வளர்ந்த பின் அவற்றை மாற்ற இயலாது. பால் வெட்டுதலோ நாள்தோறும் முடிவு செய்யப்படுவது. இரவில் மழை பெய்திருந்தால் இன்று வெட்டு இல்லை. பட்டை மெலிந்திருந்தால் கத்தி மெல்லப் போக வேண்டும். ஆழப் போனால் மரம் புண்படும், பட்டை சீராய் வளராது. இவற்றை மரத்தின் முன் நிற்பவரே முடிவு செய்ய முடியும். இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் முடிவு செய்ய முடியாது.

பள்ளித் திட்டங்களில் நிகழ்ந்தது இதற்குத் தலைகீழ். நாள்தோறும் முடிவு செய்ய வேண்டிய கருவி, தளம், பாட வடிவம் ஆகியவை பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டப்பட்டன. நடும் நாளிலேயே முடிவாக வேண்டியவை முடிவாகவில்லை. அவை நான்கு எனலாம். மாணவர் இத்திட்டத்தால் எதனைச் செய்ய வல்லவர் ஆவர் என்னும் குறிக்கோள் ஒன்று. எம்மொழிகளில் அது நடைபெறும் என்பது இரண்டு. ஆசிரியர் எழுதும் பாடம் எத்தளத்திற்கும் எடுத்துச் செல்லத்தக்க வடிவில் அவரிடமே இருக்குமா என்பது மூன்று. தவறினால் விடையளிக்க வேண்டியவர் யார் என்பது நான்கு. இந்நான்கும் இறுகக் கட்டப்பட்டிருந்தால், தளம் மாறியபோதும் பாடம் பிழைத்திருக்கும்.

செய்து திருத்தும் முறையைப் பெயரளவில் மேற்கொள்வதும் பயன் தராது. அம்முறையில் நாள்தோறும் காலையில் குழுவினர் நின்றபடியே சிறிது நேரம் கூடிப் பேசுவர். நேற்றுச் செய்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, தடை என்ன என்று ஒவ்வொருவரும் கூறுவர். இதனைத் தோட்டத்துப் பெரட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரட்டிலும் விடியலில் அனைவரும் நின்றனர். ஆனால் பேசியவர் கிராணியும் கங்காணியும், கேட்டவர் தொழிலாளர். பல அலுவலகங்களில் அஜைல் என்னும் பெயரால் இன்று நடைபெறுவது பெரட்டே. மேலதிகாரி பேச, ஏனையோர் தலையசைத்தால் எத்தனை காலை கூடினும் தடை வெளிப்படாது. தடையைக் கூறியவர் தண்டிக்கப்படமாட்டார் என்னும் நம்பிக்கையே அம்முறையின் அடித்தளம். அவ்வடித்தளத்தை எந்த மென்பொருளோடும் சேர்த்து வாங்க முடியாது.

வலியும் காலமும் இடமும்

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. இம்முறைவைப்பு ஆராயத்தக்கது. வினையை ஆராய்தல் முதலில் நிற்கிறது. அதனைச் செய்வாரின் வலிமையும் ஏற்ற காலமும் ஏற்ற இடமும் அதனைத் தொடர்கின்றன. பள்ளிக் கணினித் திட்டங்களை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது தகும்.

வலியறிதல்: இணைய வேகத்தை அளந்தவர்கள் ஆசிரியரின் நேரத்தை அளந்தார்களா? ஒரு மென்பாடத்தை உருவாக்க எத்தனை மணி நேரம் ஆகும், அந்நேரத்தை எப்பணியைக் குறைத்துத் தருவது என்னும் கணக்குத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். கருவியைத் தந்து நேரத்தைத் தராமை, ஏரைத் தந்து மாட்டைத் தராமை போன்றது.

காலமறிதல்: பள்ளிக்கென ஒரு காலச்சுழற்சி உண்டு. ஆண்டுத் தொடக்கம், விளையாட்டுப் போட்டி, தேர்வு, விடுமுறை என அது செல்லும். ஒப்பந்தத்தின் நாட்காட்டியோ வரவுசெலவு ஆண்டைப் பின்பற்றும். பயிற்சி தேர்வுக் காலத்திலும் கருவி விடுமுறையிலும் வந்தால் இரண்டும் வீண். செய்து திருத்தும் படி ஒவ்வொன்றும் பள்ளிப் பருவத்தோடு இணைய வேண்டும்.

இடனறிதல்: மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, பேராக்கில் மட்டும் 130-க்கு மேல் உள்ளன. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவை 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளிகள். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒன்றாக அமர்த்திக் கூட்டு வகுப்பு நடத்துவர். ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், ஒரு நேரத்திற்கு ஒரு பாடம் என்னும் எண்ணத்தில் உருவான தளம் அங்கே எவ்வாறு பொருந்தும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போக, தொழிலாளர் குடும்பங்கள் புந்தோங் போன்ற நகர்ப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்துப் பள்ளி மாணவர் குறைந்து நிற்க, நகரத்துப் பள்ளி இடநெருக்கடியில் நிற்கிறது. இவ்விரண்டிற்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பது இடனறியாமை. வெள்ளோட்டம் விடும்போது பெரிய பள்ளியையும் நல்ல இணைப்பு உள்ள பள்ளியையும் தேர்ந்தெடுப்பது வழக்கம். வெற்றி அங்கே எளிது. உண்மையறிய விரும்பினால் கடைசியில் உள்ள சிறு பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே இயங்குவது எங்கும் இயங்கும்.

தமிழ் காட்டிய வழி

நெடுநோக்கும் திருத்தமும் இணைந்தால் என்ன விளையும் என்பதற்குத் தமிழ்க் கணிமையே சான்று. ஒரு காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டுமுறை வேறாக இருந்தது. ஒரு கணினியில் தட்டச்சிட்ட வினாத்தாள் மற்றொன்றில் திறந்தால் புரியாக் குறிகளாய் நின்றது. இதனைத் தீர்க்கச் சிங்கப்பூரில் 1997-இலும் சென்னையில் 1999 பிப்ரவரியிலும் அறிஞர்கள் கூடினர். சென்னை மாநாட்டின் பயனாய்த் 'தமிழ்99' விசைப்பலகை தரமாயிற்று. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. எங்கும் ஒரே தமிழ் என்பது நெடுநோக்கு. பத்தாண்டுக்கு மேல் அது மாறவில்லை.

மறுபுறம், இம்மலேசிய மண்ணில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள், பதிப்புக்குப் பதிப்புத் திருந்தி வளர்ந்தது. இயங்குதளம் மாறியபோது அதுவும் மாறிற்று. குறியீட்டுமுறை மாறியபோது அதுவும் மாறிற்று. கைப்பேசி பரவியதும் 2005-ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டிச் 'செல்லினம்' வெளிவந்தது. முரசு கோடிக்கணக்கான வெள்ளியில் பிறந்ததன்று. பயன்படுத்துவோர் குறை கூற, ஆக்கியோர் திருத்த, அது வளர்ந்தது. ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய மென்பொருள் இவ்வாறு பிறந்ததும், அமைச்சு வழங்கிய தளம் பயனின்றிக் கிடந்ததும் தற்செயல் அல்ல. இதில் தமிழர்க்குப் பெருமையோடு பாடமும் உண்டு.

மறுப்புகள் இரண்டு

அரசுப் பணத்தை இவ்வாறு நெகிழ்வாய்ச் செலவிட இயலாது. தொகையும் காலமும் முன்னரே உறுதியானால்தான் நாடாளுமன்றம் ஒப்பும் என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு கட்டுவது வேறு; அத்தொகைக்கு வாங்கும் பொருளை முன்னரே கட்டுவது வேறு. உச்சவரம்பை உறுதிசெய்து, ஒவ்வொரு படியின் முடிவிலும் தொடர்வதா, திருத்துவதா, நிறுத்துவதா என்னும் வாயிலை ஒப்பந்தத்திலேயே வைக்கலாம். நிறுத்தும் உரிமை இல்லாத ஒப்பந்தம் பணத்தைக் காப்பதாகத் தோன்றினும் தவற்றையே காக்கிறது.

மாணவர் சோதனைப் பொருள்கள் அல்லர். அவர்கள் மேல் செய்து பார்த்துத் திருத்தலாகாது என்பது இரண்டாம் மறுப்பு. இஃது அன்பினால் எழுவது, மதிக்கத்தக்கது. ஆயினும் இருபது பள்ளிகளில் சிறிதாய்ச் செய்வது சோதனை என்றால், பதினாயிரம் பள்ளிகளில் ஒருசேரச் செய்வது என்ன? அதுவும் சோதனையே, திரும்ப முடியாத சோதனை. புந்தோங்கின் கச்சாங் பூத்தே கம்பம் நாடறிந்தது. புதுவகை முறுக்குச் செய்ய எண்ணும் குடும்பத்தார் மூட்டை மாவு முழுவதையும் ஒரே நாளில் பிசைந்துவிடமாட்டார்கள். முதல் ஈடு சிறிதாய்ப் போட்டு, உப்பும் பதமும் பார்த்து, பின்னரே அண்டாவை ஏற்றுவர். வாங்குவோர் மேல் அவர்களுக்கு மதிப்பு உண்டென்பதற்கு அம்முதல் ஈடே அடையாளம்.

இனிச் செய்ய வேண்டியது

2023-இல் கல்வி அமைச்சு மின்னியல் கல்விக் கொள்கையை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவும் பள்ளி வாயிலுக்கு வந்துவிட்டது. ஆகவே அடுத்த பெருந்திட்டம் தொலைவில் இல்லை. அது வரும்போது தமிழாசிரியர் சங்கங்களும் தலைமையாசிரியர் மன்றங்களும் நன்றி கூறும் உரையோடு நின்றுவிடலாகாது. குறிக்கோள் ஒரே பக்கத்தில் தெளிவாய் எழுதப்பட்டுள்ளதா எனக் கேட்க வேண்டும். தமிழ் முதல் படியிலேயே இடம்பெறுகிறதா, பின்னர்ச் சேர்க்கப்படும் என்னும் உறுதிமொழியில் நிற்கிறதா எனக் கேட்க வேண்டும். ஆக்கும் குழுவில் சிறிய தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் வகுப்புப் பணி குறைக்கப்பெற்று, முழு உரிமையோடு அமர்கிறாரா எனக் கேட்க வேண்டும். எழுதிய பாடத்தை வெளியே எடுத்துச் செல்ல முடியுமா எனக் கேட்க வேண்டும்.

வெற்றியை எவ்வாறு அளப்பது என்பதையும் கேட்டாக வேண்டும். எத்தனை பேர் கணக்குத் தொடங்கினர், எத்தனை முறை நுழைந்தனர் என்பவை வருகைப் பதிவேடு போன்றவை. வருகை கற்றல் ஆகாது. முன்பு படிக்க இயலாத பத்தியை மாணவன் இப்போது படிக்கிறானா, முன்பு எழுத இயலாத கட்டுரையை மாணவி இப்போது எழுதுகிறாளா என்பதே அளவுகோல்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் கைவிட்ட கல்வி அமைச்சு, ஆண்டிறுதியில் ஒரே நாளில் மாணவனை அளப்பது போதாது, வகுப்பில் தொடர்ந்து மதிப்பிட்டுத் தொடர்ந்து திருத்துவதே கல்வி என்று ஆசிரியர்க்கு அறிவுறுத்தியது. அவ்வறிவுரை சரியானதே. அதனை அமைச்சு தன் திட்டங்களுக்கும் உரியதாக்கிக்கொள்ளுமாயின், பூட்டிய அறைகளில் தூசி படியும் கருவிகள் குறையும். பிள்ளையின் ஆண்டு மீண்டும் வாராது. ஒன்றாம் ஆண்டில் தொடங்கிய தவறு ஆறாம் ஆண்டில் கண்டறியப்பட்டால், அதற்குள் அப்பிள்ளை தொடக்கப் பள்ளியைக் கடந்து போயிருக்கும்.